சிலுவைக் கோட்டில் சித்திரை

கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையை மூக்கு தொடும் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான் தேவஇரக்கம். ஒற்றை நட்சத்திரம். மேலிருந்து கீழாக ஒரு கோடாகப் பதிந்திருந்தது. அது நேர்கோடாக இருந்திருக்க வேண்டும். சில நாளுக்கு முன் எடுத்த படத்தில் அந்தக் கோடு பாம்பு போவதுபோல ஒரே சீராக நெளிந்திருந்தது. அந்த நெளிவைப் போக்கத்தான் இத்தனை பாடு. நெளிவு போயிருந்தது. அதன் இடத்தில் ரம்பப் பற்கள் வந்திருந்தன. ஒரு பல் பெரிது, ஒரு பல் சிறிது, இரண்டு ஒட்டிக்கொண்டாற்போல, பிறகு கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமில்லை, மறுபடி ஒரு பெரிய பல்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புச் சாலையில் நவநீதகிருஷ்ணனின் கொய்யாத் தோப்பு இருந்தது. அதிலுள்ள பம்புசெட் அறையின் மொட்டைத் தளத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முக்காலியும், அதன்மேல் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டும், மவுண்ட்டில் தொலைநோக்கியும் நின்றன. இன்வெர்ட்டர் பேட்டரி மெல்ல முனகியது. அவன் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான்.

தப்பு மவுண்ட்டில் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் அவன். டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தான். நூல் ஓர் இடத்தில் தடித்து ஓர் இடத்தில் மெலிந்து வந்தால் ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவனுடைய வேலை. நூலில் கோளாறு இரண்டு விதம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. எங்கேயோ ஓர் உருளை கோணலாகச் சுற்றுகிறது, அல்லது ஒரு பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இடைவெளியை அளந்தால் எந்த உருளை என்று சொல்லிவிடலாம். இன்னொன்று ஒழுங்கே இல்லாமல் வருவது. அது பஞ்சினால் வரும், அல்லது ஆள் கையால் வரும். இயந்திரம் தப்புச் செய்தாலும் ஒரே மாதிரிதான் செய்யும். மனுசன்தான் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித் தப்புச் செய்வான். மில்லில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான்.

இன்றைக்குத் திரையில் தெரிந்த ரம்பத்தில் எந்த ஒழுங்கும் இல்லை.

வானத்துக்கு அவனை இழுத்து வந்தது 2010 ஜனவரியில் தெரிந்த வளையக் கிரகணம். மில் முற்றத்தில் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுப்பகலில் வெயில் வெளிறி நிழல்கள் கூர்மையானபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மறு வருஷமே ஒரு தொலைநோக்கி வாங்கினான். பிள்ளை இல்லாத வீடு. மனைவி சந்தனமேரி பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். மாலையில் அவள் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவன் மாடிக்குப் போவான். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

நாற்பது வயதில் அவனுக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது மேரிக்குத் தெரியும், ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் குப்பி எப்போதும் இருந்தது. அவளுக்குத் தெரியாதது மற்றதெல்லாம். அந்தப் பிரஷரால் வரும் கிளாக்கோமா நேர்பார்வையைத் தொடாது, ஓரங்களைத்தான் முதலில் தின்னும். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் தள்ளிப் பார்த்து, கண்ணின் ஓரத்தால் பிடிக்க வேண்டும். அந்த ஓரந்தான் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் ஒவ்வொரு நட்சத்திரமாகக் காணாமல் போனது. மேகம், தெருவிளக்கு, தூசி என்று அவன் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். இடது கண் முழுசாக அவிந்த பிறகுதான் காரணம் சொல்வதை நிறுத்தினான்.

யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் பைக் ஓட்டுவதை விட்டுவிட்டு, வண்டியில் ஏதோ கோளாறு என்றான். டவுன் பஸ்ஸில் போனான். ஒரு நாள் மில்லில் இடது பக்கம் நின்ற பெண்ணைப் பார்க்காமல் டிராலியைத் திருப்பிவிட்டான். அவளுடைய கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்கூட, “பரவால்ல சார், நானும் கவனிக்கல” என்றாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டான். வீட்டில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். மேரி நம்பினாள். நெஞ்சுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

கடைசியாக மதுரைக்குப் போனபோது டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். செய்தால் இருப்பது நிற்கும், போனது வராது. இவ்வளவு முற்றிய கண்ணில், அபூர்வமாக, ஆபரேஷனோடு இருக்கிற பார்வையும் போய்விடுவது உண்டு. “வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, பேசணும்” என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். அவன் மூன்று தடவையும் தனியாகத்தான் போனான். ஈஸ்டர் கழிந்து மறு வாரத் திங்கட்கிழமை சேர வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். வீட்டில் வந்து, “சின்ன ஆபரேஷன்தான், மேரி. ஒரு நாள்ல விட்டுருவாக” என்றான்.

அதற்குள் ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்ற வெறி அவனைப் பிடித்துக்கொண்டது. தெற்கு வானத்தில் சித்திரை மாதத்து மாலைகளில் ஒமேகா சென்டாரி மேலே வரும். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டு நிற்கும் கூட்டம் அது. முதல் தடவை தொலைநோக்கியில் அதைப் பார்த்தபோது உப்பை அள்ளிக் கறுப்புத் துணியில் கொட்டியதுபோல இருந்தது. இப்போது கண்ணை வைத்துப் பார்த்தால் அங்கே ஒரு சாம்பல் கறைகூட இல்லை. கேமராவை மாட்டி, சில நிமிஷம் திறந்து வைத்துப் படம் எடுத்தால் திரையில் பார்க்கலாம். நேர்பார்வைக்கு அது எட்டும். அவனுக்கு மிச்சம் இருந்த வானம் அவ்வளவுதான்.

அந்தச் சில நிமிஷந்தான் கிடைக்கவில்லை. பூமி சுற்றுவதற்கு ஈடாக மவுண்ட் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள்ளே திருகாணிபோல ஒரு சின்னத் தண்டு சுற்றிச் சுற்றி ஒரு பெரிய பல்சக்கரத்தைத் தள்ளும். தண்டில் மயிரிழை கோணல் இருந்தாலும் போதும். எட்டு நிமிஷத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கொஞ்சம் முந்தும், அதே இடத்தில் கொஞ்சம் பிந்தும். படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் இழுபட்டு விழும். ஒமேகா சென்டாரி ஒரு துடைத்த கறையாக வந்தது. மவுண்ட்டின் அச்சை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளித் திருப்பி வைத்து, நட்சத்திரம் கோடாக இழுபட விட்டு நீண்ட படம் எடுத்தபோதுதான் கோணலின் உருவம் தெரிந்தது. ஒரே சீரான பாம்பு நெளிவு. பார்த்த நொடியே அவனுக்கு மில்லின் வாசனை வந்தது. கோணல் உருளை. தெரிந்த கோளாறு. சந்தோஷத்தில் அவன் சிரித்துவிட்டான்.

அதற்கு மருந்தும் இருந்தது. சிவப்பாக ஒளிரும் சிலுவைக் கோடு போட்ட லென்ஸைத் தொலைநோக்கியில் மாட்டி, ஒரு நட்சத்திரத்தைச் சிலுவையின் நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு முழுச் சுற்று முடியும்வரை நட்சத்திரம் விலகும்போதெல்லாம் ரிமோட்டின் பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். மவுண்ட் அந்த அழுத்தங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து அதே இடங்களில் தானே திருத்திக்கொள்ளும். பேட்டரியை எடுத்தால் மறந்துவிடும் பழைய மாதிரி மவுண்ட் அது. ஆகவே ஒவ்வொரு மாலையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவன் பிரகாசமான சித்திரை நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டான். நான்கு மாலை முயன்றான். மலைப்பக்கமிருந்து மேகம் ஏறிவந்து இரண்டு மாலையைக் கெடுத்தது. மூன்றாவதில் படம் முன்னைவிட மோசமாக வந்தது. நான்காவதில்தான் இந்த ரம்பம்.

சிலுவையின் நடுவில் இருக்கும்வரை நட்சத்திரம் தெரிந்தது. இடதுபக்கம் சற்று விலகினால் அவன் கண்ணின் செத்த இடத்துக்குள் அது விழுந்துவிட்டது. அவன் அதைத் தேடினான். தேடித் தேடிப் பொத்தானை அழுத்தினான். திடீரென்று வலதுபக்கம் குதித்து வந்தது. பதறித் திருப்பி அழுத்தினான். மவுண்ட் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டது. தண்டின் கோணலை மறைத்துவிட்டு அவனுடைய குருட்டை எழுதிக் காட்டியது.

கேமராவை அவன் மடியில் வைத்தான். “கர்த்தாவே” என்றான். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஏதோ வேகத்தில் எழுந்து, எதையும் எடுத்து வைக்காமல், இரும்பு ஏணியில் இறங்கினான். இடது கால் படியைத் தவறவிட்டது.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நெற்றி மோதிய சத்தம் கேட்டுத்தான் நவநீதகிருஷ்ணன் டார்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், தோப்புக்கு ஆள் துணை ஆச்சு என்று இடம் கொடுத்திருந்தவர். தன் காரிலேயே இராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மேரி கதவைத் திறந்து இரத்தத்தைப் பார்த்ததும் சத்தம் போடவில்லை. பேண்டேஜ் சுருளை எடுத்து வந்து கட்டினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதற்கும் கட்டினாள்.

நவநீதகிருஷ்ணன் ஒன்றும் அறியாமல் சொன்னார்: “தங்கச்சி, தம்பிய இருட்டுல தனியா விடாதம்மா. விழுந்து கெடக்கும்போது எடது பக்கம் நின்னு கையப் புடிக்கப் போறேன், ஆளே தெரியல அவருக்கு. யாரது, யாரதுன்னு கேக்காரு.”

அவர் போனபிறகு மேரி அவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னைய நேரா பாருங்க” என்றாள். அவன் பார்த்தான். “எங் கை எங்க இருக்கு?”

அவன் தலையைத் திருப்பித் தேடப் பார்த்தான்.

“கேட்டேன்ல. எடது கை எங்க இருக்கு? வலது கை எங்க இருக்கு? எத்தன விரலு?”

“மேரி, தெரியல.”

“ரெண்டு கையயும் நீட்டிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் கைகளை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். அவள் முகத்தின் ஓரத்தைத் தொடும் அளவுக்கு வந்தபிறகுதான் அவனுக்கு வலப்பக்கம் இருந்த கையின் விரல்கள் தெரிந்தன. இடப்பக்கத்துக் கை கடைசிவரை வரவேயில்லை.

“எம்புட்டு நாளா?”

அவன் சொன்னான். டிராலி, பைக், டாக்டர் சொன்னது, எல்லாம்.

“இந்த வீட்ல இருக்கது நாம ரெண்டே பேரு” என்றாள். “அதுலயும் நீங்க ஒளிச்சு வச்சீக. நாந் தைலம் தேச்சேன். சும்மா கெடந்த நெஞ்சுல ஒரு மாசம் தைலம் தேச்சேன்.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், சொட்டு மருந்து விட்டாள், குளியலறை வாசலில் கிடந்த வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பேசவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆராதனைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். முட்டுப்போட்டிருக்கும்போது அவள் தோள் குலுங்குவது அவன் தோளுக்குத் தெரிந்தது. தலையைத் திருப்பினால்தான் பார்க்க முடியும். அவன் திருப்பவில்லை.

ஈஸ்டர் முடிந்து, ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைக்கு அவளே அவனை மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அம்மா அவனுக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “போன தடவையே என்னையக் கூட்டிட்டு வந்திருந்தா?” டாக்டர் கொஞ்சம் யோசித்து, “அப்பவும் ஆபரேஷன்தான்மா சொல்லிருப்பேன்” என்றார். அந்தப் பதிலிலிருந்து அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

சாயங்காலம் செங்கோட்டை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விருதுநகர் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

“அந்தப் படம் எதுக்கு உங்களுக்கு?”

“எந்தப் படம்?”

“கீழ விழுந்து மண்டய ஒடச்சுக்கிட்டீகளே, அந்தப் படம்.”

சொல்ல வேண்டியதை அவனும் அப்போதுதான் தேடினான். “திங்கக்கெழமைக்குப் பொறவு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு தெரியாது. இந்தக் கண்ணு வச்சு எத்தனையோ பாத்துட்டேன். எல்லாம் ஓரத்துலருந்து அழிஞ்சிட்டே வருது. ஒரு படமாவது, கோணல் இல்லாம, நா எடுத்ததா, முழுசா பாத்துட்டுப் போயிரணும்னு… அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.”

“என்னையப் பாக்கணும்னு தோணலையா?”

அவள் பதிலுக்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. திருத்தங்கல் போனது, சிவகாசி போனது. பட்டாசுப் பெட்டி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த ஒருத்தர் தூங்கி வழிந்தார். ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும் மேரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எறங்குங்க.”

“மேரி, இது வில்லிபுத்தூரு.”

“எனக்குத் தெரியும். மேகம் இல்ல. அந்த அண்ணாச்சிக்கு ஒரு போனப் போடுங்க. எறங்குங்க, வண்டி கெளம்பீரும்.”

ஆட்டோ வந்து நிற்கும்போதே நவநீதகிருஷ்ணன், கருவிகளை இறக்கி வைத்திருந்த பம்புசெட் அறையைத் திறந்து வைத்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்ததால் தேவஇரக்கத்தால் ஒன்றையும் தூக்க முடியவில்லை. அவன் சொல்லச் சொல்ல அவர்கள் இரண்டு பேரும் முக்காலியையும் மவுண்ட்டையும் அதைச் சமன்செய்யும் எடைக் கட்டையையும் மேலே ஏற்றினார்கள். ஏணியில் அவன் ஏறும்போது மேரி கீழே நின்று அவன் காலை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைத்தாள். “செத்த நேரத்துல காப்பி கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டு நவநீதகிருஷ்ணன் இறங்கிப் போனார்.

வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துப் புழுதியில் முங்கிக் கிடந்தது. அச்சை அதற்கு நேராக நிறுத்தவே நேரம் பிடித்தது. தொலைநோக்கியைச் சித்திரைக்குத் திருப்பச் சொன்னான். மேரி முதல் தடவையாக அந்த லென்ஸில் கண்ணை வைத்தாள்.

“செவப்பா சிலுவ தெரியுது.”

“நடுவுல நட்சத்திரம் இருக்கா?”

“நடுவுல இல்ல. கொஞ்சம் தள்ளி. நீல வெள்ளையா துடிக்குது.”

எப்படிச் செய்ய வேண்டும் என்று அவன் விளக்கினான். இடது பக்கம் போனால் வலது பொத்தான், வலது பக்கம் போனால் இடது. லென்ஸில் எல்லாம் தலைகீழ் என்பதை அந்தப் பதற்றத்தில் அவன் மறந்துபோனான். ஒரு நிமிஷத்துக்குள் அவள் கத்தினாள்: “ஏங்க, ஓடுது! அமுக்க அமுக்க அந்தப் பக்கமே ஓடுது!”

“விடு, விடு. மாத்திச் சொல்லிட்டேன். நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்.” அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். பாதிச் சுற்றில் மெல்லிய மேகம் ஒன்று வந்து சித்திரையைத் துடைத்துக்கொண்டு போனது. அவள் கண்ணை எடுக்காமல், “இருக்கா இல்லையான்னே தெரியல” என்றாள். “விட்டுரு” என்றான் அவன். தெற்கே பார்த்தான். அவனுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. மலைமேல் மின்னல் வெட்டுவதை மட்டும் அவள் சொல்லித் தெரிந்துகொண்டான். மழை வந்துவிட்டால் முடிந்தது. இனி ஒரு மாலை இல்லை. அவன் தளத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். தான் கெஞ்சி அழைத்து வந்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளாக இறங்கி வந்த மாலை வீணாகப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“போதும், மேரி. வா, போவோம்.”

“மேகம் போயிருச்சு. எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.”

அந்த மூன்றாவது தடவை அவள் பேசவேயில்லை. ரிமோட்டின் சின்னச் சின்ன டிக் சத்தந்தான் கேட்டது. சில நேரம் அடுத்தடுத்து, சில நேரம் வெகுநேரம் ஒன்றுமில்லாமல். ஒவ்வொரு அமைதியிலும், அவள் நட்சத்திரத்தைத் தொலைத்துவிட்டாளோ என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவளுடைய கையிலும் கழுத்திலும் கொசு மொய்த்தது. அவன் துண்டை எடுத்து விசிறினான். அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஒரு சுற்று முடிந்து மவுண்ட் கூவியபோது அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு எரியுது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நீங்க ஒத்தக் கண்ணால இதச் செஞ்சீகளாக்கும்” என்றாள். அவள் குரலில் கோபந்தான் இருந்தது.

அச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சோதனைப் படம் எடுத்தார்கள். கோடு ஏறக்குறைய நேராக வந்திருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் லேசான மேடு. அச்சைச் சரியான இடத்துக்குத் திருப்பி நிறுத்திவிட்டுத் தெற்கே திரும்பினார்கள். முதல் படத்தைக் காற்று கெடுத்தது. இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நவநீதகிருஷ்ணன் காப்பியோடு ஏணியில் கால் வைத்தார். “அண்ணாச்சி, அப்பிடியே நில்லுங்க, அசையாதீக!” என்று மேரி அதட்டிய அதட்டலில் அவர் படம் முடியும்வரை நான்கு நிமிஷம் பாதி ஏணியில் தூக்குவாளியோடு நின்றார்.

படம் திரையில் வந்தது. தேவஇரக்கம் கேமராவை முகத்தருகே கொண்டுபோனான். புள்ளிகள். பெரிதாக்கினான். புள்ளிகளேதான். நடுவில் நெருங்கி, நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று விழாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக. அவனுக்குப் படம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியவில்லை. உறிஞ்சு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவை மட்டும் பார்த்தான். பிறகு தலையை நகர்த்தி ஓரத்தைப் பார்த்தான். ஓரத்துக்குப் போனால் நடு போய்விட்டது. நடுவுக்கு வந்தால் ஓரம் போய்விட்டது. திரும்பத் திரும்ப நகர்த்தினான். முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது நடக்காது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மவுண்ட்டில் எதைத் திருத்தினாலும் அது நடக்காது.

“எப்பிடி இருக்கு?” என்று மேரி கேட்டாள்.

“நீ பாத்துச் சொல்லு. மொத்தமா பாத்துச் சொல்லு.”

அவள் கேமராவை வாங்கினாள். கை நீட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். “உருண்டையா இருக்கு. நடுவுல ஒரே வெள்ள. வெளிய போகப் போக உதிருது. இங்க மேல ஒரு மூலையில ரெண்டு மட்டும் தனியா நிக்குது.” நிறுத்தினாள். “நல்லாத்தான் இருக்கு.”

அவன் அழுதான். நவநீதகிருஷ்ணன் காப்பியை ஊற்றாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மேரி அழவில்லை. அவன் சட்டையைப் பிடித்து ஏணிப் பக்கம் போகாதபடி தளத்தின் நடுவுக்கு இழுத்து உட்காரவைத்தாள். தூறல் விழ ஆரம்பித்ததும் அவளே தார்ப்பாயை எடுத்து மவுண்ட்டின்மேல் போட்டுப் பேட்டரியைக் கழற்றினாள். மவுண்ட் கற்றதையெல்லாம் அந்த நொடியே மறந்தது. அவளுக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று பனிமூட்டம் மாதிரி வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மூன்று வாரம் அப்படியே இருந்தது. அந்த மூன்று வாரமும் அவன் கட்டிலைவிட்டு எழவில்லை, சாப்பாட்டுத் தட்டைச் சுவர்ப்பக்கம் தள்ளினான், ஜெபிக்க வந்த சபை ஆட்களைப் பார்க்க மாட்டேன் என்றான். மேரி லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல மூட்டம் விலகியது. பழைய குழாய்ப் பார்வை திரும்பி வந்தது, முன்னைவிடச் சற்று மங்கலாக. டாக்டர் அம்மா, நிற்கிறது, இது நிற்கும் என்றார். அவ்வளவுதான் அவர் சொல்ல முடிந்தது.

அதன்பிறகு மேரி அவனோடு இரண்டு தடவை தோப்புக்கு வந்தாள். மூன்றாவது தடவை அவன் கேட்டபோது, “ஏங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்தா நிக்க முடியல” என்றாள். அது உண்மைதான். அவன் மறுபடி கேட்கவில்லை. நவநீதகிருஷ்ணன் மவுண்ட்டைக் காரில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். சில நாள் அது ஹாலில் மூலையில் கிடந்தது. ஒரு மத்தியானம் அவன் தரையில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்தான். காய்ந்து கட்டிப்போன கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். அந்தத் திருகுத் தண்டைக் கண்ணால் பார்க்காமல் விரல் நுனியில் வைத்து உருட்டி உருட்டிக் கோணலைத் தேடினான். ஒரு நாளில் முடிகிற காரியமாக அது இல்லை. கழற்றுவான், பூட்டுவான், சுற்றிப் பார்ப்பான், திருப்தி இல்லாமல் மறுபடி கழற்றுவான்.

ஒரு சாயங்காலம் மேரி வேலை முடிந்து வந்தபோது அவன் முட்டுக்கால் போட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைத்தாள், குனிந்தாள், அவன் இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்த, மவுண்ட்டின் பேரிங்கிலிருந்து உருண்ட ஒரு சின்ன இரும்புக் குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதத்தான தேடுதீக?”

அவன் அதைத் தடவிப் பார்த்தான். “ஆமா. இன்னொண்ணும் விழுந்துச்சு.”

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.